ஒடுக்கு விழுந்த பித்தளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பற்றி எழுதும்போது, "ஒடுக்கு இருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டுப் பிறகு ஈயம் பூசுங்கள்" என்று ஒரு வரி சொல்லியிருந்தோம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இந்த மாதம் பெரும்பாலான கடிதங்கள் வந்திருக்கின்றன. தக்கலை முதல் கொழிஞ்சாம்பாறை வரை, தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமிருந்தும் கேட்டிருக்கிறீர்கள். விரிவான பதில் தேவைப்படும் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: பாட்டி காலத்துப் பித்தளைச் சருவம் பரணிலிருந்து விழுந்து பக்கவாட்டில் ஞெளுங்கிப் போயிற்று. அடியிலும் ஒரு குழி. கடைக்காரர் "எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. சரிசெய்து மறுபடி புழங்கலாமா?
வாசகி, தக்கலை

பெரும்பாலும் புழங்கலாம். எடைக்குப் போடும் முடிவை ஒடுக்கின் அளவைப் பார்த்து எடுக்காதீர்கள். உள்ளங்கை அகலத்துக்கு வழவழப்பாக உள்வாங்கிய குழி பார்ப்பதற்குத்தான் கோரம், எடுப்பது எளிது. விரல் நீளத்துக்குக் கத்தி வைத்த மாதிரி மடிந்த ஒடுக்கு சின்னதாகத் தெரிந்தாலும் ஆபத்தானது. மடிப்பின் வெளிமுகத்தில் உலோகம் இழுபட்டு மெலிந்திருக்கும். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

முதலில் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கி, கரி, களிம்பு எதுவும் இல்லாமல் இருபுறமும் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கின் மேல் பார்த்தால் விரிசலும் கீறலும் ஒன்றுபோலத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும் இடத்தில் வைத்து ஒடுக்கைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தட்டினால் அங்கே சந்தேகம். அந்த இடத்தில் வெளிப்பக்கம் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மெல்லிய பூச்சாகத் தடவி, வெள்ளையாகக் காயவிடுங்கள். உள்பக்கம் மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒட்டி வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பூச்சில் மயிரிழை போல ஈரக்கோடு எழும். தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது இதற்கு ஈடாகாது. மண்ணெண்ணெய் நுழையும் மெல்லிய விரிசலில் தண்ணீர் நுழையாமல் நின்றுவிடும். சோதனை முடிந்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு மூன்று முறை கழுவிவிடுங்கள்.

அடுத்தது ஓசை. விளிம்பை ஒரு விரலில் தாங்கிக்கொண்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கணீரென்று எழுந்து தேய்ந்தால் நல்லது. நடுவில் கரகரத்தால் எங்கோ விட்டிருக்கிறது. கைப்பிடி வைத்துப் பற்றவைத்த பாத்திரங்களுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. அவை இயல்பாகவே மங்கலாகத்தான் ஒலிக்கும்.

பழைய பாத்திரங்களில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். இரண்டு தகடுகளைச் சீப்புப்பல் போல வெட்டிக் கோத்துப் பற்றவைத்த மூட்டு இருக்கும். உற்றுப் பார்த்தால் சற்று வெளிறிய நிறத்தில் ஒரு கோடு ஓடுவது தெரியும். ஒடுக்கு அந்தக் கோட்டின் மேல் விழுந்திருந்தால் நீங்களே கை வைக்க வேண்டாம், பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள். அடி பெயர்வது அந்த மூட்டில்தான்.

இனி ஒடுக்கெடுப்பது. பலரும் முதல் அடியிலேயே தவறு செய்கிறார்கள். உள்ளே சுத்தியலை விட்டுக் குழியின் ஆழமான நடுவில் ஓங்கி அடிப்பார்கள். நடு வெளியே வரும். ஆனால் குழியைச் சுற்றி ஒரு வளையம் மடிந்து இறுகிவிடும். அதன் பிறகு அந்த வளையத்தை எடுப்பதே பெரிய வேலையாகிவிடும். குழியின் ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி உள்நோக்கி வர வேண்டும். கோணிப்பையில் சலித்த உலர்ந்த மணலை நிரப்பிக் கீழே வைத்து, பாத்திரத்தின் வெளிப்புறம் அதில் பதியும்படி அமர்த்துங்கள். புளியமரக் கொட்டாப்புளியின் முகத்தைச் சற்று உருட்டையாகச் செதுக்கிக்கொண்டு உள்ளிருந்து மெல்லத் தட்டுங்கள். ஓர் அடி முந்தைய அடியின் பாதியை மிதிக்க வேண்டும். குடம் போல வாய் குறுகிய பாத்திரமானால் சுத்தியல் நுழையாது. அதற்கு முனை உருண்ட வளைந்த இரும்புக் கம்பியைத் தடியான கட்டையில் அறைந்து நிறுத்தி, குடத்தை அதன் மேல் கவிழ்த்து, கம்பியின் தலை குழிக்கு நேராக இருக்கும்படி பிடித்து, வெளியிலிருந்து குழியைச் சுற்றியுள்ள மேட்டை மரச்சுத்தியால் தட்டுவார்கள்.

மரத்துக்குப் பதில் இரும்புச் சுத்தியல் எடுத்தால் என்ன ஆகும்? கீழேயும் இரும்பு, மேலேயும் இரும்பு என்றால் நடுவில் அகப்பட்ட பித்தளை மெலிந்து பரவும். பரவிய தகடு இருந்த இடத்தில் அடங்காது. கட்டைவிரலால் அழுத்தினால் டொக்கென்று உள்ளே போகும், விட்டால் டொக்கென்று வெளியே வரும். அப்படிப் பரவிப்போனதைப் பழையபடி சுருக்குவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். இரும்பின் மேல் இரும்பு வைத்துத் தட்டுவது கடைசியில், மேற்பரப்பை மழுக்குவதற்கு மட்டும், அதுவும் பூப்போல.

தட்டத் தட்டப் பித்தளை இறுகும். அதன் இயல்பே அது. ஒரு சுற்று முடிந்ததும் சுத்தியல் துள்ளத் தொடங்கினால், அடியின் ஓசை உயர்ந்தால், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் பிளக்கும். அப்போது பதம் இறக்க வேண்டும், அதாவது சூடுகாட்டி இறுக்கத்தை இளக்க வேண்டும். சிரட்டைக் கரி கனிந்த உலையில், வெளிச்சம் மங்கிய மாலை நேரத்தில், ஒடுக்கையும் அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்தையும் சீராகச் சூடாக்குங்கள். இருட்டில் மட்டும் கண்ணுக்குத் தெரியும் கருஞ்சிவப்பு வந்தால் போதும். அது ஏறக்குறைய 550 முதல் 600 டிகிரி செல்சியஸ். பட்டப்பகலில் இந்த நிறம் தெரியாது. தெரியவில்லையே என்று மேலும் ஊதினால் உலோகத்தின் மணிகள் பெருத்து, பிறகு தட்டும்போது மேற்பரப்பு நார்த்தங்காய்த் தோல் போல ஆகிவிடும். இன்னும் ஏறினால் வெண்புகை கிளம்பும். அது பித்தளையிலுள்ள துத்தநாகம் எரிவது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் உலோகம். அந்தப் புகையைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும், ஒன்றிரண்டு நாளில் தணியும். ஆகவே காற்றோட்டமான இடத்தில் மட்டுமே செய்யுங்கள்.

சூடாக்கியதைத் தண்ணீரில் அமிழ்த்தலாம், தானாக ஆறவும் விடலாம். எஃகு தண்ணீரில் இறுகும், பித்தளை இறுகாது. ஆறிய பிறகே தட்ட வேண்டும். சிவந்திருக்கும்போது தட்டினால், காரீயம் கலந்த பித்தளை பிட்டு மாதிரி உதிரும்.

சூடாக்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. முன்பு யாராவது ஈயப் பற்றாசு வைத்து ஓட்டை அடைத்திருந்தால் அதைச் சுரண்டி முழுவதும் எடுத்துவிட வேண்டும். பற்றாசு 183 டிகிரியிலிருந்தே உருகும். அது ஒட்டிக்கொண்டிருக்கும்போது பித்தளையைச் சிவக்கக் காய்ச்சினால் பற்றாசு பித்தளைக்குள் இறங்கி அரித்துக் குழி பறிக்கும். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் நான்கு ஓட்டை ஆன பாத்திரங்கள் இப்படி ஆனவைதான்.

உங்கள் சருவத்தின் அடிக்குழியைக் கடைசியில் எடுங்கள். பக்கம் நிமிரும்போது அடியும் கொஞ்சம் தானாக நகரும். எல்லாம் முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் காய்ந்திருந்தால் ஈயம் பூசக் கொடுக்கலாம்.

கேள்வி: ரப்பர் பால் உறையவைக்கும் கொட்டகையில் இரண்டு பித்தளைக் குடங்களை ஓரமாகக் கவிழ்த்து வைத்திருந்தோம். யாரும் தொடவில்லை, கீழே விழவில்லை. மழைக்காலம் முடிந்து எடுத்தால் ஒன்றின் கழுத்திலிருந்து வயிறு வரை நீளவாக்கில் வெடித்திருக்கிறது. கண்ணேறு என்கிறார்கள் வீட்டில். காரணம் என்ன?
வாசகர், குலசேகரம்

காரணம் உங்கள் கொட்டகையிலேயே இருக்கிறது: அம்மோனியா. ரப்பர் பால் கெட்டியாகாமல் இருக்க அதில் சேர்ப்பார்களே, அதுதான்.

நூறாண்டுகளுக்கு முன் இதே கேள்வி பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு வந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், சுடாமலேயே, தொடாமலேயே வெடித்துக் கிடந்தன. மழைப்பருவத்தில் வந்ததால் அதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1921-ல் இதை விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, உறையை இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இறுக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில் வெடிப்பு வருகிறது. மூன்றில் ஒன்றை நீக்கினாலும் வெடிப்பு நின்றுவிடும்.

உங்கள் குடத்துக்கும் அதே கணக்கு. தகட்டைச் சுழற்றியோ தட்டியோ கழுத்தைக் குறுக்கும்போது உலோகம் பிடித்து இழுத்தபடியே நின்றுவிடுகிறது. பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அம்மோனியா அந்த இழுபட்ட இடங்களில் செம்பை மெல்லக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். இன்னொரு குடம் தப்பியதற்குக் காரணம், அது செய்து முடித்தபின் ஒருமுறை நன்றாகச் சூடேறியிருக்கலாம், அல்லது அதில் துத்தநாகம் குறைவாக இருக்கலாம். 100-க்கு 15 பங்குக்குக் கீழே துத்தநாகம் உள்ள பித்தளை இதற்கு அவ்வளவு எளிதில் பலியாகாது. 30 பங்கு உள்ளது உடனே பலியாகும். சாதாரணப் பாத்திரப் பித்தளை இந்த இரண்டாம் வகையை ஒட்டியது.

ஒடுக்கு விழுந்த பாத்திரங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒடுக்கு என்பதே புதிதாக ஏறிய இறுக்கம். பதம் இறக்காமல் வெறுமனே தட்டி நிமிர்த்திய பாத்திரத்தைத் தொழுவத்திலோ, கோழிக்கூட்டின் பக்கத்திலோ, யூரியா மூட்டைக்கு அருகிலோ வைத்தால் ஒரு மழைக்காலத்தில் நிமிர்த்திய இடத்திலேயே வெடிக்கலாம். ஒடுக்கெடுத்து முடித்ததும் 250 முதல் 300 டிகிரி வரை ஒரு மணி நேரம் சூட்டில் வைத்து ஆறவிட்டால் உள்ளிறுக்கம் தளரும். பாத்திரத்தின் உறுதி குறையாது. பட்டறையில் இதைக் கேட்டு வாங்குங்கள். "சிவக்கக் காய்ச்ச வேண்டாம், உள்ளிறுக்கம் போக மட்டும் காய்ச்சுங்கள்" என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும்.

ஈயம் பூசும்போது தூவும் நவச்சாரத்திலும் அம்மோனியா இருக்கிறது. அது அம்மோனியம் குளோரைடு. பூசி முடித்த பாத்திரத்தை அப்படியே வாங்கி வந்து அடுக்கிவிடாமல், விளிம்பின் சுருட்டலுக்குள்ளும் கைப்பிடி இடுக்கிலும் நவச்சாரப் பொடி தங்காதபடி வெந்நீரில் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். விளிம்பில் முதலில் வெடிக்கும் பாத்திரங்களுக்கு இது ஒரு காரணம்.

வெடித்த குடத்தின் வெடிப்பு ஒன்றே ஒன்றாக இருந்தால் பித்தளைப் பொடியும் வெங்காரமும் வைத்துப் பற்றவைக்கலாம். அந்தச் சூடே மீதி இறுக்கத்தையும் தளர்த்தும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய்ச் சோதனையில் கிளைகிளையாகக் கோடுகள் எழுந்தால் உருக்கத்தான் போட வேண்டும். இனி அந்தக் கொட்டகையில் பித்தளையே வேண்டாம். ரப்பருக்கும் அது நல்லதல்ல. பாலில் துளி செம்பு கலந்தாலும் ஷீட் நாளாக நாளாக இளகிப் பிசுபிசுக்கும். பால் அள்ள அலுமினியமோ பிளாஸ்டிக்கோ போதும்.

கேள்வி: பழைய பித்தளை வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறேன். டெக்சாஸில் இருக்கும் என் மச்சான் அங்கே உரிமையோடு ரைபிள் சுடுகிறவர், சுட்டபின் மிஞ்சும் காலித் தோட்டா உறைகளைத் தானே மறுபடி நிரப்பிக்கொள்வார். ஒடுக்கு விழுந்த உறைகளின் படத்தை அனுப்பி, "பித்தளை உனக்குத்தானே தெரியும், இதில் எது தேறும்?" என்று கேட்கிறார். நான் என்ன சொல்லட்டும்?
வாசகர், கொழிஞ்சாம்பாறை

முதலில் உங்களுக்கு. இங்கே 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். உங்கள் கடைக்கு வரும் பழைய பித்தளையில் தோட்டா உறைகள் கிடந்தால், வாயில் குண்டு இருக்கிறதா, அடி நடுவிலுள்ள சிறு மூடியில் (பிரைமர்) ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள். குண்டு இருந்தாலோ, பள்ளம் இல்லையென்றாலோ அது வெடிக்காதது. குண்டு இல்லாத உறையிலும் அந்த மூடி மட்டும் உயிரோடு இருக்கலாம். அதைத் தட்டவோ நசுக்கவோ உருக்குச்சட்டியில் போடவோ கூடாது. தனியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இனி மச்சானுக்கு. பாத்திரத்தில் தவறு நடந்தால் தண்ணீர் ஒழுகும். உறையில் தவறு நடந்தால் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா வகைக்கு அமெரிக்கத் தொழில் தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. காற்றழுத்தத்தைப் போல 4,200 மடங்கு. ஆகவே சந்தேகம் வந்த உறையைக் கழித்துவிடுவதே கணக்கு. ஓர் உறையின் விலை ஒரு கண்ணுக்கு ஈடாகாது.

ஒடுக்கு எங்கே விழுந்திருக்கிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும். வாய் மட்டும் ஒருபுறம் சப்பியிருந்தால், தானியங்கி ரைபிள் உறையை வீசியெறிந்தபோது இடித்திருக்கும். கூம்பு முனையுள்ள கம்பியை விட்டு வாயைக் கையாலேயே வட்டமாக்கிவிட்டுப் பிறகு, உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சுக்குள் தள்ளலாம். வட்டமாக்காமல் தள்ளினால் விளிம்பு அச்சில் மாட்டி உள்பக்கம் மடிந்துவிடும். அதற்குப்பின் தேறாது. தோள்பட்டையில், அதாவது உடல் கழுத்தாகக் குறுகும் இடத்தில், வழவழப்பான சிறு குழி இருந்தால் அது அடிபட்டதால் வந்ததல்ல. அச்சுக்குள் தள்ளும்போது உறையில் தடவிய மசகு மிகுதியாகி, போக வழியின்றித் தோளை அமுக்கியிருக்கிறது. அடுத்த முறை சுடும்போது அழுத்தத்தில் அதுவே நிமிரும். பயமில்லை. ஆனால் மசகைக் குறைக்கச் சொல்லுங்கள். தோளில் தடவவே கூடாது. அச்சின் பக்கத்திலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தால் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

உடலின் நடுவில் ஆழமில்லாத உருண்டைக் குழியும் அப்படியே நிமிரும். ஆழமான குழி உள்கொள்ளளவைக் குறைக்கிறது. அதே அளவு வெடிமருந்துக்கு அழுத்தம் கூடும். அதனால் அப்படிப்பட்ட உறைகளை முதல் முறை, கையேட்டில் போட்டிருக்கும் தொடக்க அளவோடுதான் சுட வேண்டும். கூர்மையாக மடிந்த ஒடுக்கு, மடிப்பில் பளபளக்கும் கோடு, அடித்தடிப்பை (அடியில் உலோகம் கெட்டியாக இருக்கும் பகுதி) ஒட்டிய கீழ்ப்பகுதியில் எந்த ஒடுக்கோ வீக்கமோ இருந்தாலும் யோசிக்காமல் கழிக்கலாம். கழித்ததை இடுக்கியால் நசுக்கிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நல்லவற்றோடு திரும்பக் கலந்துவிடும்.

ஒடுக்கைப் பார்த்துக்கொண்டே பெரிய குற்றத்தைத் தவறவிடுகிறவர்கள் உண்டு. அடித்தடிப்புக்குச் சற்று மேலே உடலைச் சுற்றி மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். காகித கிளிப் ஒன்றை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கி, கொக்கி போல வளைத்து, வாய் வழியாக உள்ளே விட்டு அந்த இடத்தில் சுவரை வருடினால், பள்ளம் இருந்தால் நுனி தட்டும். அங்கே சுவர் மெலிந்துவிட்டது, அடுத்த முறை அடிப்பகுதி தனியாகக் கழன்றுவிடும் என்று பொருள். ஒவ்வொரு முறையும் தோள் தேவைக்கு மேல் பின்னுக்குப் போகும்படி அச்சில் தள்ளுவதால் வரும் கேடு இது. கழுத்தில் நீளவாக்கில் பிளவு, பிரைமர் தானாக நுழையும் அளவுக்குத் தளர்ந்த குழி, இவையும் கழிவுக்கே. மிஞ்சியவற்றின் நீளத்தையும் அளக்க வேண்டும். .308-க்கு உச்சம் 2.015 அங்குலம், மீறினால் 2.005-க்கு வெட்ட வேண்டும்.

பாத்திரக்காரராகிய நீங்கள் தவறாக வழிகாட்டிவிடக்கூடிய இடம் ஒன்று உண்டு: பதம் இறக்குவது. பாத்திரத்தை முழுதாகக் காய்ச்சலாம். உறையில் கழுத்தையும் தோளையும் மட்டுமே காய்ச்ச வேண்டும். அடி இறுகிய நிலையிலேயே இருந்தாக வேண்டும், அழுத்தத்தை அதுதான் தாங்குகிறது. அடி இளகினால் துப்பாக்கியின் பின்வாயில் பிளந்து வாயு முகத்தில் அடிக்கும். அடுப்பில் வைத்து மொத்தமாகச் சூடாக்கிய உறை எதுவாக இருந்தாலும் கழிவுதான். பளபளப்புக்காக அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷ் போடவும் கூடாது. ஏன் என்பது குலசேகரத்து வாசகருக்குச் சொன்ன பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஆலப்புழைப் பக்கம் மன்னாரில் வாங்கிய வெண்கல உருளியின் விளிம்பு சற்று வளைந்திருக்கிறது. தட்டி நிமிர்த்தலாமா?
வாசகி, செங்கோட்டை

கூடவே கூடாது. வெண்கலம் வேறு, பித்தளை வேறு. ஓட்டுப் பாத்திரம் என்று எல்லையின் அந்தப் பக்கம் சொல்லும் வெண்கலத்தில் ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும் இருக்கும். அதில்தான் அந்த நீண்ட மணியோசை. அதனாலேயே ஆறிய நிலையில் அது வளையாது, உடையும். சிவக்கக் காய்ச்சிய சூட்டில்தான் அதைத் தட்ட முடியும். அந்தச் சூட்டைப் பிடித்துவைக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யும் வேலை அது.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. உங்கள் உருளியின் விளிம்பு உடையாமல் வளைந்திருக்கிறது என்றால் அது வெண்கலமாக இருப்பது சந்தேகம். பித்தளையில் வார்த்த உருளியாக இருக்கலாம். வெள்ளீயம் செம்பைவிட விலை கூடியது, ஆகவே இந்த மாற்று நடக்கிறது. அடிப்பக்கம் அரத்தால் ஒரு சிறு கீறல் போட்டுப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள் தெரிந்தால் பித்தளை. வெளிறிய, சற்றே வெண்மை கலந்த நிறமானால் வெண்கலம். பித்தளையானாலும் வார்ப்புப் பித்தளை தகடு போல நெகிழாது. சின்ன வளைவு என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், சமையலுக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் பித்தளை என்று தெரிந்தால் புளிப்புச் சேரும் சமையலை ஈயம் பூசாமல் அதில் செய்யாதீர்கள்.

மெய்யான வெண்கல உருளியில் விரிசல் விழுந்திருந்தால், அந்த இடத்தை வெட்டித் திறந்து, அச்சுக் கட்டி, அதே உலோகத்தை உருக்கி ஊற்றி ஒட்டவைப்பார்கள். வார்க்கிறவர்களிடமே கேளுங்கள். சூடான உருளியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றுவதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லித் தடுத்துவிடுங்கள். பல உருளிகளுக்கு விரிசல் வருவது அடிபட்டு அல்ல, இப்படித்தான்.

கேள்வி: கடற்கரை வீடு. ஒடுக்கெடுத்த பித்தளை அண்டாவில் செம்பு நிறத்தில் தேமல் தேமலாக வந்திருக்கிறது. துலக்கினாலும் போகவில்லை.
வாசகர், குளச்சல்

துலக்கிப் போகாது, அது அழுக்கல்ல. உப்பு நீர் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மிச்சம் நிற்பது சல்லடை போன்ற செம்பு. குண்டூசியால் குத்திப் பாருங்கள். மேலோட்டமாக இருந்தால் நுனி வழுக்கும், ஆழமாக இறங்கியிருந்தால் பொடியும். பொடியும் இடத்தைத் தட்டவும் கூடாது, பற்றவைக்கவும் முடியாது. மேலோட்டமாக இருந்தால் உப்புத் தண்ணீர் நிற்காமல் கழுவித் துடைத்து வைப்பதே போதும்.

கேள்வி: ஒடுக்கெடுத்துக் காய்ச்சியதில் பழைய ஈயம் எல்லாம் போய்விட்டது. புதிதாகப் பூச வருகிறவர் காரீயம் கலக்கிறார் என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
வாசகி, களியக்காவிளை

நல்ல கேள்வி, கேட்டுத்தான் ஆக வேண்டும். வெள்ளீயம் உணவோடு சேரலாம், காரீயம் நஞ்சு. குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். பூசிய பிறகு கண்டுபிடிப்பது கடினம். பூசும் முன் கட்டியைச் சோதிக்க வேண்டும்.

கட்டியை வெள்ளைத் தாளில் தேயுங்கள். காரீயம் பென்சில் போலக் கறுப்புக் கோடு போடும். வெள்ளீயம் அப்படிப் போடாது. மெல்லிய குச்சியாக இருந்தால் காதருகே வைத்து வளையுங்கள். சுத்த வெள்ளீயம் நறநறவென்று ஒலிக்கும். இவை இரண்டும் முதல் சோதனைதான். இன்னும் உறுதியாகத் தெரிய, சரியாக 500 கிராம் கட்டியை எடுத்து, அளவுக்கோடு போட்ட குடுவையில் தண்ணீருக்குள் முழுவதும் அமிழ்த்தி, தண்ணீர் எவ்வளவு உயர்கிறது என்று பாருங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் ஏறக்குறைய 68 மில்லி உயரும். முழுக் காரீயம் என்றால் 44 மில்லிதான். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 56-ஐ ஒட்டி நிற்கும். 65-க்குக் கீழே வந்தால் அந்தக் கட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டும் கலந்திருந்தால் ஒரு மில்லி அளவே குறையும், இந்தச் சோதனையில் அகப்படாது. ஆகவே பெயர் தெரிந்த உலோகக் கடையில் நீங்களே வெள்ளீயம் வாங்கிக் கொடுத்துப் பூசச் சொல்வது மேல்.

பூசிய பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது, அதனால் பூச்சு நிலைக்கும். எண்ணெய் காய்ந்து புகையும் சூடு 200-ஐ எளிதில் கடக்கும். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தாளித்துக் கொட்டுங்கள். ஒடுக்கு இருந்த இடத்தில் பூச்சு மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் தேயும். கரண்டி உரசும் மேடு எப்போதும் அங்கே கொஞ்சம் மிச்சமிருக்கும். மாதம் ஒருமுறை அந்த இடத்தை மட்டும் பாருங்கள். மஞ்சள் எட்டிப்பார்த்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது.

கேள்வி: கீழே விழுந்து தண்டு வளைந்த நிலவிளக்கைச் சூடாக்கி நிமிர்த்தலாமா?
வாசகர், பாறசாலை

தண்டைக் கழற்றாமல் சூடாக்கவே கூடாது. பல விளக்குகளின் தண்டு உள்ளே கூடாக இருக்கும். இருபுறமும் மரையில் இறுகி, கழுவிய தண்ணீரும் எண்ணெயும் உள்ளே தங்கியிருக்கும். நெருப்பில் வைத்தால் ஆவி அழுத்தத்தில் வெடிக்கும். மரை இறுகியிருந்தால் இடுக்கில் தேங்காய் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்து, மறுநாள் கொதிநீரில் நனைத்த துணியை வெளிமரையின் மேல் மட்டும் சுற்றி, துணி சுற்றிய கைகளால் திருகுங்கள். கழன்ற தண்டு இருமுனையும் திறந்த குழாயாக இருந்தால், உலர்ந்த மணலை இறுக நிரப்பி, முனைகளைத் துணியால் மட்டும் அடைத்து, சூடு காட்டாமல், மரக்கட்டையின் விளிம்பில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். மணல் இல்லாமல் நிமிர்த்தினால் வளைவின் நடுவில் குழாய் சப்பிவிடும். முழுக்க வார்த்த கெட்டித் தண்டு என்றால் வீட்டில் முயல வேண்டாம், மரைக்கு மேல் பட்டென்று ஒடியும்.